செட்டிநாட்டில் மூன்று தலைமுறை



இன்பமாக வாழ்வது எப்படி என்பது அறநூலோர் கேட்கும் வினா. வரலாற்று ஆசிரியன் அதனைச் சிறிது மாற்றிக் கேட்பான். இன்ன காலத்தில் இன்ன ஊரில் வாழ்ந்த மக்கள், எதனை அடைந்தால் தம் வாழ்வு நிறைந்தது என்று எண்ணினார்கள்? அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் அதனையே எண்ணினார்களா? எண்ணவில்லை எனின், அம்மாற்றம் எதனால் வந்தது? இவற்றிற்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நான் பிறந்து, படித்து, முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன காரைக்குடியையும், அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களையும் பார்த்தாலே போதும்.

செட்டிநாட்டு வழக்கில் ஒரு சொல் உண்டு: 'கொண்டுவிக்கப் போதல்'. நகரத்தார் வாணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்து செல்வதை இச்சொல்லாலே குறித்தனர். சரக்கைக் கொண்டுபோய் விற்றல் என்பது அதன் பழம்பொருள். உப்பும் நெல்லும் விற்ற காலத்துச் சொல், பணத்தையே சரக்காகக் கொண்ட காலத்திலும் நிலைத்துவிட்டது. 'அப்பச்சி கொண்டுவிக்கப் போயிருக்கிறார்கள்' என்று ஒரு சிறுவன் சொன்னால், அவன் தந்தையார் பர்மாவிலோ, இலங்கையிலோ, மலேயாவிலோ, சைகோனிலோ இருக்கிறார் என்பது பொருள். அவ்வாறு சொல்லாத சிறுவனை ஒரு காலத்தில் இந்த ஊர்களிற் காண்பது அரிது.

பர்மாவை எடுத்துக்கொள்வோம். 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. பர்மா அரிசி ஐரோப்பாவுக்கு விரைந்து செல்ல வழி பிறந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்திலே காடாகவும் சதுப்பாகவும் கிடந்த நிலம் வயலாக வேண்டும். அதற்கு உழவனுக்கு முன்பணம் வேண்டும். ஆங்கில வங்கிகளோ சிற்றூர் உழவனுக்குக் கடன் கொடுக்க முன்வரவில்லை. அந்த இடைவெளியில் போய் நின்றவர்கள் நகரத்தார். 1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவர்கள் கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்று அக்குழு மதிப்பிட்டது. ஒரு சவரன் பதின்மூன்று, பதினான்கு ரூபாய் விற்ற காலத்து 75 கோடி அது!

இத்துணைப் பெரிய வாணிகத்தைத் தாங்கியவர்கள் யார்? பன்னிரண்டு, பதின்மூன்று வயதிற் கப்பலேறிய சிறுவர்கள். அவனுக்குப் 'பெட்டியடிப் பையன்' என்று பெயர். கடையில் பெட்டிக்கு அருகில் அமர்ந்து ஏவல் செய்வான்; பேரேடு எழுதக் கற்பான்; வட்டிக் கணக்கை எழுத்தாணியும் ஏடும் இல்லாமல் மனத்தாலே போடப் பழகுவான். காணி, அரைக்காணி, முந்திரி என்னும் பின்னங்களெல்லாம் அவன் நாவில் தவழும். பிறகு அடுத்தாள் ஆவான். பின்னர்க் கடையை நடத்தும் மேலாள் ஆவான். அவன் வேலைக்குச் சேரும்போதே சம்பளச் சீட்டு எழுதப்படும். மூன்றாண்டு ஒரு கணக்கு. அம்மூன்றாண்டுக்கும் உரிய சம்பளம் முன்பே பேசப்பட்டு, அதில் ஒரு பகுதி வீட்டுக்கு முன்பணமாகக் கொடுக்கப்படும். மூன்றாண்டு முடிந்து, ஐந்தொகை போட்டு, கணக்கைத் தம்மிடம் பொறுப்பேற்க வந்தவரிடம் ஒப்புவித்த பின்னரே ஊருக்குத் திரும்பலாம். இடையிலே மகன் பிறந்தாலும் தாய் இறந்தாலும் அஞ்சலில் வரும் செய்திதான்.

அந்தச் சிறுவன் மகிழ்ச்சியாக இருந்தானா? 'இது என் வாழ்வின் நோக்கமா?' என்று அவன் கேட்டிருக்க மாட்டான். கேட்பதற்கு முன்பே விடை அவன் கையில் கொடுக்கப்பட்டிருந்தது. உழை, கணக்கிற் பிசகாதே, பொருளோடு திரும்பு, வீடு கட்டு, கோயிற் பணி செய். இவ்வளவே. தேடவேண்டாத நோக்கம் ஒருவகையில் ஆறுதலைத் தரும். இக்கால இளைஞர் சிலர் அந்த ஆறுதலை எண்ணிப் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறேன். அதன் விலையை அவர்கள் எண்ணுவதில்லை.

அந்த விலையிற் பாதியைக் கொடுத்தவர்கள் ஆச்சிமார்கள். திருமணமான சில திங்களிற் கணவன் கப்பலேறிவிடுவான். செட்டிநாட்டில் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. மணமான மகனும் மருமகளும் அதே வீட்டில், அதே கூரையின்கீழ், தனி அடுப்பு மூட்டித் தனிக் குடும்பம் நடத்தவேண்டும். ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு பணம் என்று பெரியோர் அளந்து கொடுப்பார்கள். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அந்த அளவுக்குள் ஓராண்டை நடத்தி, மிச்சமும் காட்டவேண்டும். கணவன் ரங்கூனில் பேரேடு எழுதினான் என்றால், மனைவி இங்கே மற்றொரு பேரேட்டை மனத்தில் எழுதினாள். பெரிய வீட்டை மேற்பார்த்தவள் அவள். கொத்தனாருக்கும் தச்சனுக்கும் கூலி கொடுத்தவள் அவள். பிள்ளைகளை வளர்த்தவள் அவள். நம் வரலாற்று நூல்கள் கப்பலில் ஏறியவனைப் பற்றி எழுதிய அளவில் பத்தில் ஒரு பங்குகூடக் கரையில் நின்றவளைப் பற்றி எழுதவில்லை. உங்களில் எவரேனும் ஆராய்ச்சி செய்ய விரும்பினால், உங்கள் ஊரில் எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவரிடம் போய் உட்காருங்கள். நாளைக்கு என்று ஒத்திப்போடாதீர்கள்.

அந்த உழைப்பெல்லாம் வீடாகத் திரண்டது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து மறுதெரு வரை நீண்ட வீடு, பர்மாத் தேக்கில் தூண், இத்தாலியச் சலவைக்கல், முட்டை வெண்கருவும் சேர்த்து மெழுகிய, கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. 1927 செப்டம்பரில் காந்தியடிகள் செட்டிநாட்டிற் சுற்றுப்பயணம் செய்தார். மாளிகைகளில் மூச்சு முட்டும்படி நிறைந்திருந்த அயல்நாட்டுச் சாமான்களைக் கண்டார். தமக்குக் குத்தகை கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு செலவில், இதைவிட வசதியாகவும் காற்றோட்டமாகவும் அமைத்துத் தருவதாக நகைச்சுவையோடு இடித்துரைத்தார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆயினும் அச்சொல் சிலர் உள்ளத்திற் தைத்தது என்றே நான் எண்ணுகிறேன். காரைக்குடியில் 1917-இலேயே இந்து மதாபிமான சங்கம் தோன்றியிருந்தது. 1919-இற் பாரதியார் அங்கு வந்து சென்றார். வீடு கட்டுவதற்கு அப்பாலும் வாழ்க்கை உண்டு என்று பேசும் இளைஞர் கூட்டம் ஒன்று ஊரில் அப்போதே இருந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். நம் மாளிகையின் அடிக்கல்லுக்குக் கீழே பர்மிய உழவனின் துயரமும் கிடக்கிறது. 1930-ஐ ஒட்டி உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதியாகவும் அதற்குக் கீழாகவும் சரிந்தது. கடன்பட்டவன் கட்ட முடியவில்லை. நகரத்தார் விரும்பியது பணம். கைக்கு வந்ததோ நிலம். கீழ்ப் பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில், 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த நகரத்தார் நிலம், 1938-க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர். நிலத்தை இழந்தவன் வட்டி நியாயமானதா, விலை சரிந்தது யாரால் என்றெல்லாம் ஆராய்ந்துகொண்டிருப்பானா? ஒருவர் குடும்பத்தின் இன்பம் மற்றொருவர் குடும்பத்தின் கண்ணீரோடு பிணைந்துபோனது. எவரும் திட்டமிட்டுச் செய்தது அன்று, எனினும் நடந்தது.

பிறகு எல்லாம் விரைவாகவே சரிந்தது. 1937-இற் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23-இல் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினர். அடுத்த மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் தாயகம் நோக்கி ஓடிவந்தனர்.

அவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். நாங்கள் நகரத்தார் அல்லோம். ரங்கூன் மொகல் தெருவிலிருந்த ஒரு கிட்டங்கியிற் சமையற்காரராக இருந்தவர் அவர். புரோம் வரை வந்து, அரக்கான் மலையைக் கால்நடையாகக் கடந்து, அக்யாபுக்கும் அங்கிருந்து சிட்டகாங்குக்கும் படகேறி, மூன்று மாதங் கழித்து ஊர் சேர்ந்தாராம். வழியெல்லாம் வாந்திபேதி. அவரோடு புறப்பட்ட பதினொருவரில் ஊர் சேர்ந்தவர் எழுவர். அவரிடம் நான் சிறுவனாக இருந்தபோது, 'ஐயா, மறுபடி ரங்கூன் போகவேண்டும் என்று நினைத்தீர்களா?' என்று கேட்டேன். 'சட்டி கழுவி வைத்துவிட்டு வந்தேன். விளக்கணைத்தேனா என்றுதான் நினைப்பேன்' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

போர் முடிந்தபின் பலர் திரும்பிப் போனார்கள். ஆனால் 1948-இற் பர்மா விடுதலை பெற்றதும் நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1963-64-இல் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத்து நோட்டுகள் செல்லா என்று அறிவிக்கப்பட்டது. லட்சக்கணக்கானோர் வெறுங்கையோடு வந்து இறங்கினர். சென்னையில் 'பர்மா பஜார்' என்று இன்றும் வழங்கும் கடைத்தெரு அவர்கள் பிழைப்புக்காக எழுந்ததே.

நூறாண்டாக ஊட்டப்பட்ட நோக்கம் ஒன்று, ஒரு தலைமுறையின் கண்முன்னே இல்லாமற்போனால் என்ன ஆகும்? என் இளமையில் செட்டிநாட்டு ஊர்களின் திண்ணைகளிலே அதற்கு விடையைக் கண்டேன். ஐந்தொகையைத் தலைகீழாய்ச் சொல்லவல்ல பெரியவர்கள், போடுவதற்குக் கணக்கு இன்றி அமர்ந்திருந்தார்கள். நட்டஈடு வரும் என்று பத்திரக் கட்டுகளைத் துணியிற் சுற்றி இரும்புப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வறுமையினும் கொடியது, நாளைக் காலையிற் செய்யவேண்டியது எதுவும் இல்லை என்பது. மாளிகை இருந்தது, அதன் பொருள் போய்விட்டது.

ஆனால் அப்பேரேட்டிலே ஒரு பத்தி அழியாமல் இருந்தது. நகரத்தார் கணக்கில் 'மகமை' என்று ஒரு தலைப்பு உண்டு. வரவில் ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கும் அறத்துக்கும் எனப் பிரித்து எழுதி வைப்பார்கள். அது இலாபத்தில் மிஞ்சியதைக் கொடுப்பது அன்று. கணக்கு எழுதும்போதே ஒதுக்கிவிடுவது. பல தலைமுறையாக அப்பணம் ஒன்பது நகரக் கோயில்களின் திருப்பணியாகவும், ஊருணியாகவும், சத்திரமாகவும், வேதபாடசாலையாகவும் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டில் அதே பத்தியில் எழுதப்பட்ட செலவின் பெயர் மாறியது. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் வியப்பூட்டுவது இந்த மாற்றமே. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1920-இற் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929-இல் அதுவே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஒரே நாளிற் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் திறந்தார். முந்தைய உலகமும் வரப்போகும் உலகமும் அந்த மூன்று பெயர்களிற் சேர்ந்து நிற்கின்றன அல்லவா?

காரைக்குடிக்கு அருகே கோட்டையூர் என்று ஓர் ஊர். அவ்வூரில் 1909 ஏப்ரல் 6-இற் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. பட்டம் பெற்று, இலண்டனிற் பாரிஸ்டர் படிப்பை முடித்தவர். வானூர்தி ஓட்டவும் பயின்றவர். ஆலை, தோட்டம், வானூர்தி நிறுவனம் என்று அவர் தொட்ட தொழில்கள் பல. 1947-இல் சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையார் நூற்றாண்டு விழா நடந்தது. அங்கே பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் இலட்சுமணசாமி முதலியார், நாட்டில் கல்லூரிகள் போதா, செல்வர்கள் முன்வரவேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து காரைக்குடியிற் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். அதே ஆண்டில், கட்டடம் எழும் முன்பே, காந்தி மாளிகை என்னும் இடத்தில் வகுப்பு தொடங்கிவிட்டது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகம் எங்கே அமைவது என்னும் பேச்சு எழுந்தபோது 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்து அதனைக் காரைக்குடிக்குக் கொணர்ந்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மழை குறைந்த, தொழில் இல்லாத, செம்மண் பொட்டலான ஓர் ஊரில் தேசிய ஆராய்ச்சிக் கூடம்! பெரிய நகரங்களை விட்டு இங்கேயா என்று வியந்தவர் பலர்.

1957 ஏப்ரல் 5-இல் அவர் மறைந்தார். நாற்பத்தெட்டு வயது நிறைய ஒருநாள் குறைவு. அவரோடு பிறந்த செல்வர்கள் கட்டிய மாளிகைகள் எத்தனை! அவற்றுட் சில இன்று விடுதிகளாயின. சில, ஆண்டில் ஒருநாள் படைப்புக்கு மட்டும் திறக்கப்படுகின்றன. சில இடிக்கப்பட்டு, அவற்றின் தேக்கு நிலைகளும் தூண்களும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கின்றன. அழகப்பர் இட்ட வித்திலிருந்தோ 1985-இல் ஒரு பல்கலைக்கழகமே எழுந்தது. என்னைப் போன்ற சமையற்காரர் பேரன் ஒருவன் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற வெளியூர் போகவேண்டாமற் போனது அதனாலேதான். நான் நடுநிலையோடு எழுதவில்லை என்று எவரேனும் குறை கூறினால் ஒப்புக்கொள்வேன்.

செல்வர்களுக்குக் கொடுக்கப் பொருள் இருந்தது. இல்லாதவர் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். என் மாணவர்களும் கேட்டார்கள். அவர்களுக்கும் கோட்டையூரிலிருந்தே விடை சொன்னேன்.

1911-இல் அவ்வூரிற் பிறந்த ஏ.கே. செட்டியார், தம் குலத்தாரைப் போலவே ரங்கூன் சென்றார். ஆனால் அங்கே அவர் வட்டிக்கடையில் அமரவில்லை. 'தனவணிகன்' என்னும் இதழை நடத்தினார். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் இருந்தபோது, காந்தியடிகளின் வாழ்வைத் திரைப்படமாக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. அதற்காக ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, பல நாடுகளிற் சிதறிக் கிடந்த 50,000 அடிப் படச்சுருளைத் தேடிச் சேர்த்தார். 1940 ஆகஸ்டிற் படம் சென்னையில் வெளியாயிற்று. இதுவும் 'கொண்டுவிக்கப் போதல்'தான்! முன்னோர் கடல் கடந்து பொருளைக் கொணர்ந்தார்கள். இவர் ஒரு மனிதரின் நடையையும் சிரிப்பையும் கொணர்ந்தார். பின்னர் 'குமரி மலர்' என்னும் இதழைப் பல்லாண்டு நடத்தினார். பழைய கட்டுரைகளைத் தேடி எடுத்து அச்சிட்டார். தம்மை முன்னிறுத்திக்கொள்வதை மட்டும் கடைசி வரை தவிர்த்தார்.

மற்றொருவர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். சென்னையில் அத்தொழில் செய்தபோது மூர் மார்க்கெட்டிற் பழைய புத்தகங்களை வாங்கத் தொடங்கினார். பிறகு கோட்டையூருக்கே திரும்பி, வீடு முழுவதையும் புத்தகமாக்கினார். நூல்கள் மட்டுமா? இதழ்கள், நாடகத் துண்டறிக்கைகள், பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள் — பிறர் குப்பை என்று எறிந்தவற்றையெல்லாம் சேர்த்தார். பூச்சியிலிருந்து காப்பதே பெரும்பாடு. ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் சேர்ந்தன. தமிழ் ஆராய்ச்சி செய்வோர் வெளிநாட்டிலிருந்தும் அந்தச் சிற்றூரில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஊராரில் சிலருக்கு இது விளங்காத வேலையாகவே இருந்தது. பழந்தாளைச் சேர்த்து என்ன காண்பது? அவருக்கு அதுதான் இன்பம். வேறு விளக்கம் அவர் சொல்லவேண்டியதும் இல்லை.

இவ்விருவரும் அழகப்பரும் காலத்தால் நெருங்கியவர்களே. எனவே தலைமுறை என்று நான் சொல்வதைப் பிறந்த ஆண்டைக் கொண்டு மட்டும் அளக்காதீர்கள். ஒருவன் தன் வாழ்வின் நோக்கத்தைத் தந்தையிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டானா, வாங்கியதை வேறாக்கிக் கொடுத்தானா, தானே தேடிக் கண்டானா என்பதைக் கொண்டு அளந்தேன். பெட்டியடிப் பையனின் கணக்கொழுங்கு ஒரு லட்சம் தாள்களை அடுக்கிக் காத்த கையிலும் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று செட்டிநாட்டு இளைஞர் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போகிறார்கள். மூன்றாண்டுக் கணக்கு இல்லை. திரும்பியே ஆகவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. பெண்களும் போகிறார்கள். இது நம் முன்னோர் காணாத நன்மை. ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டு முன்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம், 'அந்தக் காலத்துப் பையனுக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு எது வேண்டுமானாலும் செய் என்கிறார்கள். எது கடினம் சார்?' என்று கேட்டாள். வகுப்பில் நெடுநேரம் விவாதம் நடந்தது. மணி அடித்ததை எவரும் கவனிக்கவில்லை. அவளுக்கு நான் விடை சொல்லவில்லை. கோட்டையூர்க்காரர் சேர்த்த புத்தகங்களைப் போய்ப் பார்க்கும்படி சொன்னேன்.

ரோஜா முத்தையா 1992-இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அவர் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டுசெல்லவில்லை. கோட்டையூரிலிருந்து பெட்டி பெட்டியாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, 1994-இல் அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. இப்போது தரமணியில் இருக்கிறது. மாணவர்கள் போகலாம்; வேண்டிய நூலின் பெயரை எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள்.